தொழிற்சங்கம் தந்த நிமிர்வு

கிழக்கு வெளுக்குமுன் தோட்டத்து மணி ஒலிக்கும். லயன் வீடுகளிலிருந்து ஆண்களும் பெண்களும் வாளியும் உளியுமாகப் பிரட்டுக் களத்திற்கு வந்து வரிசையில் நிற்பர். கிராணி பெயர்களைக் கூப்பிடுவார். கங்காணி தலைகளை எண்ணுவார். சற்றுத் தொலைவில் துரை நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா தெங்கா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இருந்த ரப்பர் தோட்டங்களில் இப்படித்தான் பல தலைமுறைகளுக்குப் பொழுது விடிந்தது.

அவ்வரிசையில் நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று குளிரூட்டிய தொழிற்சாலைகளிலும், பேரங்காடிகளிலும், அலுவலகங்களிலும் வேலை செய்கின்றனர். "தொழிலாளர் சட்டம் இருக்கிறது, குறையைக் கேட்க மனிதவளப் பிரிவும் இருக்கிறது. இக்காலத்தில் சங்கம் எதற்கு?" என்று அவர்களுள் பலர் கேட்கின்றனர். நியாயமான வினாதான். ஆயின் இன்று அவர்கள் நம்பியிருக்கும் சட்டம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்த பின்னரே அவ்வினாவுக்கு விடை காண இயலும்.

ரப்பரும் கங்காணியும்

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் உருவாயிற்று. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் மிகப் பெரிய பரப்பில் தோட்டம் அமைத்தார். ரப்பரின் விலை ஏறியதும் ஆங்கிலேயக் கம்பெனிகள் திரண்டு வந்தன. காட்டை அழிக்கவும் பால் வெட்டவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர்.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை மட்டும், இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை நீடித்தது. கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். அவர் அழைத்து வந்தவர்களுள் நாள்தோறும் வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே அழைத்து வந்த உறவினரே மேலாளுமானார். பல இடங்களில் கடன் கொடுத்தவரும் அவரே. வீடு தோட்டத்தினுடையது; கடையும் கள்ளுக்கடையும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. வேலை போனால் அன்றே குடியிருப்பும் போய்விடும். இந்நிலையில் ஒரு தொழிலாளி தம் குறையை யாரிடம் சென்று கூறுவார்?

தோட்ட முதலாளிகளுக்கோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சங்கம் இருந்தது. கூலி எவ்வளவு என்பதை அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தனர். 1930ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கூட்டாக எடுக்கப்பட்ட அம்முடிவுகளுக்கு எதிரே ஒவ்வொரு தொழிலாளியும் தனியாளாகவே நின்றார். தனிமரம் தோப்பாகாது என்பதைப் பால்மரக் காட்டில் வாழ்ந்தவர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மிதிவண்டியும் மானமும்

1941ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்றது, ஆர். எச். நாதன் அதன் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் மலாக்காத் தொழிலாளருக்கும் பொருந்துவனவாகவே இருந்தன.

சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும், முறையான மருத்துவமும், கள்ளுக்கடை மூடலும், பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பும் வேண்டினர். இவற்றோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

இக்கோரிக்கையால் எவருடைய கூலியும் ஒரு காசு கூட உயராது. எனினும் அது பட்டியலில் இடம்பெற்றது. தன் உழைப்பில் வாங்கிய வண்டியில் தலை நிமிர்ந்து போக வேண்டும் என்று ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் அது திமிராகக் கொள்ளப்பட்டிருக்கும், வேலையும் போயிருக்கும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கேட்டமையால் அது கோரிக்கையாயிற்று. தொழிற்சங்கத்தின் பயன் முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மே மாதத்தில் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில், சயாம் ரயில் பாதை வேலைக்கென்று தோட்டங்களிலிருந்து ஆடவர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. ஏன் கொண்டு போகிறீர்கள் என்று கேட்கத் தோட்டத்தில் எந்த அமைப்பும் இருக்கவில்லை.

அடைக்கப்பட்ட கதவு

1945இல் போர் முடிந்ததும் தொழிற்சங்கங்கள் மழைக்காலத்துப் பயிர்போல் தழைத்தன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக எஸ். ஏ. கணபதி விளங்கினார். 1948 ஜூன் மாதத்தில் சட்டம் திருத்தப்பட்டது. சங்கப் பொறுப்பாளர்கள் அத்தொழிலில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் உடையவர்களாக இருக்க வேண்டும் என்றும், ஒரே வகைத் தொழிலைச் சேர்ந்த சங்கங்களே ஒன்றிணையலாம் என்றும் விதிக்கப்பட்டது. சம்மேளனம் பதிவை இழந்தது. சில நாட்களில் நாடெங்கும் அவசர காலமும் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் கணபதி 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர்களுடைய அரசியல் பாதையை ஏற்காதாரும் உண்டு. ஆயினும் தோட்டத்துத் தொழிலாளிக்காகப் பேசியவர்கள் கொடுத்த விலை எத்தகையது என்பதை எவராலும் மறுக்க இயலாது.

ஒப்பந்தமும் ஒழுங்கும்

1954இல் பல தோட்டச் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். பின்னாளில் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகவும் உயர்ந்தார். அப்பதவியை ஏற்ற முதல் ஆசியர் அவரே. மலாக்காத் தோட்டங்களிலும் கிளைகள் அமைந்தன. கையெழுத்திடவும் அறியாத பால்வெட்டுத் தொழிலாளி சந்தா கட்டி உறுப்பினரானார். அவருடைய கூலி இப்போது முதலாளிகள் சங்கத்திற்கும் தொழிலாளர் சங்கத்திற்கும் இடையே மேசையில் பேசி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. துரை நல்லவராயினும் கடியவராயினும் அவ்வொப்பந்தம் மாறாது. மனிதரின் மனநிலையை நம்பி வாழ்ந்த வாழ்க்கை எழுத்தை நம்பி வாழும் வாழ்க்கையாயிற்று.

குறைகள் இல்லாமல் இல்லை. 1950, 1960ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பல. அத்துயருக்கு மாற்றாகத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1967இல் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர் தங்கள் குறையைக் கூறக் கோலாலம்பூர் நோக்கி நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவை நடந்தே கடக்கப் புறப்பட்டனர். மலாக்காவில் ரப்பர் வேரூன்றிய அதே மண்ணின் மக்கள், இருக்கும் வழிகள் போதவில்லை என்று நடையால் உணர்த்தினர். மழை பெய்தால் கூலியில்லை என்ற நாட்கூலி முறையை மாற்றி மாதச் சம்பளம் பெறுவதும் எளிதாக நடந்துவிடவில்லை. 1990இல் அதற்காக வேலைநிறுத்தம் நடந்தது. 2001இல்தான் மாதத்திற்கு 325 வெள்ளி என்ற உறுதி கிட்டியது. சங்கம் இருந்தும் இத்தனை காலம் ஆயிற்று என்று சிலர் குறை கூறுவர். சங்கம் இல்லாதிருந்தால் எத்தனை காலம் ஆகியிருக்கும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பத்து பெரெண்டாம் காட்டும் பாடம்

1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னர் மலாக்காவின் பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் பலர் உளியை விடுத்து நுண்ணோக்கியைப் பிடித்தனர். சீருடையும், ஏற்றிச் செல்லப் பேருந்தும், தலைக்கு மேல் விளக்கும் கிடைத்தன. ஆனால் பால்வெட்டும் தாய்க்கு இருந்த ஒன்று, சில்லுகளை ஆய்வு செய்யும் மகளுக்குக் கிடைக்கவில்லை. மின்னணுத் துறையினர் சங்கம் அமைக்க அரசு நெடுங்காலம் இசையவில்லை. 1988இல் இசைவு அறிவிக்கப்பட்டபோதும், அந்தந்தத் தொழிற்சாலைக்குள் அடங்கிய சங்கங்களே அனுமதிக்கப்பட்டன. பல தொழிற்சாலைகளை உள்ளடக்கிய வட்டாரச் சங்கங்கள் பதிவு பெற மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. வேலையிடம் நவீனமானால் உரிமையும் தானாகவே வந்துவிடும் என்ற எண்ணம் பிழையானது என்பதற்கு மலாக்கா மக்களுக்கு வேறு சான்று வேண்டா.

சட்டம் இருக்கிறதே என்பாருக்கும் விடை உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டமும் நல்ல சட்டங்களே. காரணமின்றி வேலை நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையிட வேண்டும் என்பது விதி. இதனை அறியாத ஒருவர், கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கும்போதே 60 நாட்களும் கழிந்துவிடுகின்றன. விதியை நினைவூட்டவும் விண்ணப்பம் எழுதவும் உடன் செல்லவும் ஒருவர் வேண்டும். மனிதவளப் பிரிவின் அலுவலர் அன்புடையவராக இருக்கலாம். ஆயினும் அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனமேயன்றோ?

மேலும், சட்டமே சங்கத்தின் உழைப்பால் பிறந்ததுதான். மாதத்திற்கு 900 வெள்ளி குறைந்த அளவுச் சம்பளம் வேண்டும் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. 2013 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவில் அத்தொகையே நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 2023 தொடக்கத்திலிருந்து பேறுகால விடுப்பு 98 நாட்களாகவும், வார வேலை நேரம் 45 மணியாகவும் அமைந்துள்ளன. வெவ்வேறு தொழிலினர் ஒரே சங்கத்தில் சேரக் கூடாது என்ற பழைய கட்டும் 2024 செப்டம்பரில் நீங்கியது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே நுழைவோர்தாம் குறைவு. நாட்டின் தொழிலாளருள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இன்று சங்க உறுப்பினர் அல்லர்.

இன்னும் ஒன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். தமிழர் நின்ற தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கின்றனர். அவர்களும் கடன் பட்டே வருகின்றனர். வேலை போனால் அவர்களுக்கும் இருப்பிடம் போய்விடுகிறது. பாட்டன் பட்ட துயரத்தை மறந்த பேரன், அதே துயரம் தன் கண்முன் மற்றொருவருக்கு நேர்கையில் அடையாளம் காணாது போவான்.

பிரட்டுக் களங்கள் பல இன்று வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. பெயர் கூப்பிடும் கிராணிக்கு மாற்றாகத் தொழிற்சாலை வாயிலில் கைரேகைக் கருவி இருக்கிறது. வந்தவர் யார், எத்தனை மணித்துளி தாமதம் என்பதை அது பிழையின்றி எண்ணும். எண்ணப்படுவோர் தமக்குள் பேசிக்கொள்ளவும், பேசியதை ஒரே குரலாக நிருவாகத்தின் முன் வைக்கவும் அக்கருவி உதவாது. அதற்கு அன்றும் சங்கம் வேண்டியிருந்தது, இன்றும் வேண்டியிருக்கிறது. மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்த மக்களின் வழித்தோன்றல்கள் இதனை உணர்ந்து, தத்தம் வேலையிடத்துச் சங்கத்தில் பெயரைப் பதிவு செய்வார்களானால், அதுவே முன்னோருக்குச் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.