பங்கம் (ஆங்கிலச் சொல்)

பயனற்ற வெற்றுப் பேச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், சுருக்கம் 'பங்க்'. அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள பங்கம் மாவட்டத்தின் பெயரிலிருந்து பிறந்தது. 1820-இல் மிசௌரியை மாநிலமாகச் சேர்ப்பது பற்றிய காங்கிரஸ் விவாதம் முடியும் தறுவாயில், உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் நீண்ட உரையைத் தொடங்கினார். அவையினர் நிறுத்தச் சொல்லியும் கேளாமல், பங்கம் மக்களுக்காகவே பேசுவதாகச் சொன்னார். அடிமைமுறையின் எல்லையைத் தீர்மானிக்கும் விவாதத்தில் அப்படிப் பேசியது பொறுப்பற்ற செயல். அந்தப் பெயர் நிலைத்தது நியாயமே.

1916-இல் கார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு, சிகாகோ டிரிப்யூன் நாளிதழ்ப் பேட்டியில் வரலாற்றையே ஏறக்குறைய 'பங்க்' என்றார். பயனற்ற வெற்றுப் பேச்சைக் கண்டிக்கவே திருக்குறளில் 'பயனில சொல்லாமை' என்னும் 20-ஆம் அதிகாரம் உள்ளது.