மூன்று நாள் வானொலி

வரலாற்றுத் தொடர் – 14

1973இல் கிரேக்க நாட்டில் சட்டப்படி நாடு முழுக்க ஒலித்த வானொலிகள் இரண்டுதான். ஒன்று அரசுடையது, மற்றது ராணுவத்துடையது. அரசே ராணுவத்தின் கையில் இருந்ததால் இரண்டும் ஒரே குரலில்தான் பேசின. 1967 ஏப்ரல் 21 விடியற்காலையில் டாங்கிகளைத் தெருவில் இறக்கி ஆட்சியைப் பிடித்த கர்னல்கள், வானொலியையும் கையோடு பிடித்துக்கொண்டார்கள். அன்று காலை பெட்டியைத் திருகியவர்களுக்கு ராணுவ அணிவகுப்பு இசையும் இடையிடையே புது உத்தரவுகளும்தான் கிடைத்தன.

அந்த உத்தரவுகளில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு ஜூன் 1 அன்று வெளியான 13ஆம் எண் ராணுவ ஆணை, இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடோராகிஸின் இசையைத் தடை செய்தது. மேடையில் பாடுவது மட்டுமல்ல, வீட்டில் இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கேட்பதும் குற்றம். ஓர் அரசு காற்றைக் கண்டு எந்த அளவுக்குப் பயந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். மக்கள் என்ன செய்தார்கள்? இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஜெர்மனியிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த கிரேக்க மொழி ஒலிபரப்புகளைக் கேட்டார்கள். தங்கள் ஊரில் நடப்பதைத் தெரிந்துகொள்ள அயல்நாட்டு வானொலியைத் தேட வேண்டிய நிலையில் ஆறரை ஆண்டுகள் கழிந்தன.

பிறகு ஒரு நாள், பேச்சு உள்ளூரிலிருந்தே வந்தது. பேசியவர்கள் கல்லூரி மாணவர்கள்.

ஏதென்ஸ் பாலிடெக்னிக் என்றதும் நம் ஊர் டிப்ளமா படிப்பை நினைத்துவிடக் கூடாது. அது கிரேக்கத்தின் தலைசிறந்த பொறியியல் பல்கலைக்கழகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. நகரின் நடுவே பட்டிஸியோன் சாலையில் அதன் பழைய வளாகம் இருக்கிறது. 1973இன் தொடக்கத்திலிருந்தே அங்கே கொதிப்புதான். மாணவர் சங்கத் தேர்தல்களைச் சுதந்திரமாக நடத்த விடவில்லை. போதாததற்கு, வகுப்புகளைப் புறக்கணிக்கும் மாணவர்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுத்துப்போக வழிசெய்யும் ஆணை ஒன்று பிப்ரவரியில் வந்தது. படித்துக்கொண்டிருந்த பலர் முடி வெட்டப்பட்டுப் படைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே மாதம் 21ஆம் தேதி சட்டக் கல்லூரிக் கட்டடத்தை மாணவர்கள் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். அது ஒத்திகை.

அந்த ஆண்டு சர்வாதிகாரி பாபடோபுலோஸ் தன் ஆட்சிக்குப் புதுச் சாயம் பூச முயன்றார். மன்னராட்சியை ஒழித்தார், தன்னையே குடியரசுத் தலைவராக்கிக்கொண்டார், மார்கெசினிஸ் என்ற அரசியல்வாதியைப் பிரதமராக்கினார், தேர்தல் வரும் என்றார். யாரும் நம்பவில்லை. நவம்பர் 4 அன்று, மறைந்த முன்னாள் பிரதமர் ஜார்ஜ் பாபாண்ட்ரேயுவின் நினைவு நிகழ்ச்சிக்குக் கூடிய கூட்டம் ஆட்சிக்கு எதிரான ஊர்வலமாக மாறியது. பத்து நாள் கழித்து, நவம்பர் 14 புதன்கிழமை, மாணவர்கள் பாலிடெக்னிக் வளாகத்துக்குள் கூடினார்கள். மாலையானதும் வீட்டுக்குப் போகவில்லை.

இங்கேதான் நம் தொடருக்குரிய கதை தொடங்குகிறது. பொறியியல் கல்லூரியில் ஆய்வகம் இருக்கும், ஆய்வகத்தில் வால்வுகளும் மின்மாற்றிகளும் கம்பிச் சுருள்களும் இருக்கும். மின்பொறியியல் மாணவர்கள் கையில் கிடைத்ததை வைத்து ஓர் ஒலிபரப்பியைக் கட்டினார்கள். கிரேக்கத்தில் இது முற்றிலும் புதிய வித்தையும் அல்ல. பாட்டுப் போடுவதற்காகவே வீட்டில் சின்ன ஒலிபரப்பி செய்து, அனுமதியில்லாமல் மத்திய அலையில் ஒலிபரப்பிய இளைஞர்கள் அறுபதுகளிலிருந்தே அங்கே நிறைய. வேலையின் சாரம் எளிது. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துடிக்கும் மின்சுற்று வேண்டும். மைக்கில் பேசும் குரலுக்கு ஏற்ப அந்தத் துடிப்பின் வலிமையை ஏற்றி இறக்க வேண்டும். அதைப் பெருக்கி, உயரக் கட்டிய நீளமான கம்பியில் செலுத்த வேண்டும். சொல்லும்போது எளிது. வெளியே போலீஸ் நிற்க, சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் கூச்சலிட, தூக்கமில்லாமல் அதைச் செய்து முடிப்பது எளிதல்ல.

மத்திய அலை என்பதுதான் இதில் முக்கியம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் சாதாரணப் பெட்டி அந்த அலையைப் பிடிக்கும். தனிக் கருவி வேண்டாம். துண்டுப்பிரசுரம் ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் போலீஸ் பிடித்துவிடும். ஒலிபெருக்கி வளாகத்தின் மதிலோடு நின்றுவிடும். வானொலியோ சமையலறைக்குள்ளும் கடைக்குள்ளும் டாக்சிக்குள்ளும் நேராகப் போய்விடுகிறது. முதலில் அக்கம்பக்கத்துக்கு மட்டும் கேட்ட அந்த ஒலி, கருவி மேம்பட மேம்பட நகரம் முழுக்கக் கேட்கத் தொடங்கியது.

“இங்கே பாலிடெக்னிக், இங்கே பாலிடெக்னிக்!” என்று ஆரம்பிப்பார்கள். நிலையத்தின் அடையாளமே அதுதான். உணவு, கல்வி, சுதந்திரம் என்ற மூன்று கோரிக்கைகளைச் சொல்வார்கள். ஆட்சி ஒழிய வேண்டும் என்பார்கள். மக்களைத் தெருவுக்கு வரச் சொல்வார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு நெருங்க நெருங்க, அறிவிப்புகளின் தன்மை மாறியது. மருந்து வேண்டும், காயம்பட்டவர்களுக்கு டாக்டர்கள் வேண்டும் என்ற வேண்டுகோள்கள் திரும்பத் திரும்ப வந்தன. என் பார்வையில் அந்த நிலையத்தின் மிகப் பெரிய சாதனை அதுதான். முழக்கங்களை எந்தச் சுவரிலும் எழுதலாம். காயம்பட்டுக் கிடப்பவனுக்கு இந்த நிமிஷம் மருந்து வேண்டும் என்பதை, யார் என்றே தெரியாத லட்சம் பேரிடம் கேட்க வானொலியால் மட்டுமே முடியும். அரசு வானொலிகள் வாய்திறக்காத ஒன்றை, அதாவது நகரத்தின் நடுவில் மனிதர்கள் சுடப்படுகிறார்கள் என்பதை, அந்த வேண்டுகோளே எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

இரண்டு குரல்கள் வரலாற்றில் நின்றன. ஒன்று மரியா டமனாகி. கிரீட் தீவைச் சேர்ந்தவர், வேதிப்பொறியியல் மாணவி, அப்போது வயது 21. தெளிவான, அவசரமான, நடுங்காத குரல். பின்னாளில் கைதாகிச் சித்திரவதைக்கு ஆளானார். ஜனநாயகம் திரும்பிய பிறகு 1977இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2010 முதல் 2014 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் கடல்சார் விவகாரங்களுக்கும் மீன்வளத்துக்கும் ஆணையராக இருந்தார். இன்னொரு குரல் டிமிட்ரிஸ் பாபாகிறிஸ்டோஸ். பிற்காலத்தில் எழுத்தாளரானவர். கடைசி நிமிடங்களில் மைக் முன்னால் இருந்தவர் அவர்.

நவம்பர் 16 மாலையில் கண்ணீர்ப்புகையோடு துப்பாக்கிச் சூடும் தொடங்கியது. பள்ளி மாணவன் டியோமிடிஸ் கொம்னினோஸ், வயது 17, வளாகத்துக்கு அருகே சுடப்பட்டு இறந்தான். நார்வே நாட்டுப் பெண் டோரில் எங்கலாண்ட், வயது 22, அதே இரவில் கொல்லப்பட்டார். நள்ளிரவு தாண்டியதும் டாங்கிகள் வந்து வளாகத்தின் வாசலை நோக்கி நின்றன. உள்ளே இருந்தவர்கள் வெளியேறுவது பற்றிப் பேச்சு நடத்தினார்கள், அவகாசம் கேட்டார்கள்.

வானொலி அப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது. பாபாகிறிஸ்டோஸ் இப்போது மக்களிடம் பேசவில்லை, சிப்பாய்களிடம் பேசினார். ‘சகோதரர்களே’ என்று அழைத்தார். உங்கள் சொந்தச் சகோதரர்கள் மீது கை வைக்காதீர்கள், கட்டளைக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று மன்றாடினார். குரல் உடைந்தது. பிறகு கிரேக்கத் தேசிய கீதத்தின் வரிகளைச் சொல்லத் தொடங்கினார். கவிஞர் சோலோமோஸ் 1823இல் சுதந்திரத்தைப் போற்றி எழுதிய கவிதை அது. ஒரு சிப்பாய் எழுந்து நின்று வணங்கியே ஆக வேண்டிய ஒரே பாட்டைத்தான் அந்த மாணவர் தன் ஆயுதமாக எடுத்தார். எதிரே நின்ற படைக்கும் அதே கீதம், அதே கொடி. அரசுக்கும் நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த இரவில் அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

1973 நவம்பர் 17, அதிகாலை சுமார் 3 மணி. ஓர் ஏ.எம்.எக்ஸ்-30 டாங்கி, மாணவர்கள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த இரும்பு வாசற்கதவை இடித்துத் தள்ளி உள்ளே நுழைந்தது. தடுப்பாகக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த மெர்சிடிஸ் கார் நசுங்கியது. பெப்பி ரிகோபூலு என்ற மாணவியின் கால்கள் இடிபாட்டில் சிக்கி நொறுங்கின. ஒரு டச்சுப் பத்திரிகையாளர் ரகசியமாக எடுத்த படத்தில் இந்தக் காட்சி பதிவாகியிருக்கிறது. வானொலி நின்றது. வெளியே ஓடி வந்தவர்களைப் போலீஸ் அடித்துத் துவைத்தது. அந்த அடியிலிருந்து தங்களைத் தப்பவிட்டவர்கள் சில சிப்பாய்களே என்று பின்னர் சாட்சி சொன்னவர்கள் உண்டு.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வாரத்தில், நவம்பர் 25 அன்று, பாபடோபுலோஸை அவரைவிடக் கடுமையான பிரிகேடியர் இயோனிடிஸ் கவிழ்த்தார். ஆக, மாணவர்கள் உடனே வென்றுவிடவில்லை. நிலைமை முதலில் இன்னும் மோசமானது. 1974 ஜூலையில் இயோனிடிஸ் ஆட்சி சைப்ரஸில் ஒரு கவிழ்ப்பை நடத்த, துருக்கி அங்கே படையிறக்க, அந்த நெருக்கடியில் ராணுவ ஆட்சி சரிந்தது. பாலிடெக்னிக்தான் கர்னல்களை வீழ்த்தியது என்று எழுதுவது உணர்ச்சிக்கு இனிக்கும், ஆனால் சரியல்ல. அவர்களை வீழ்த்தியது சைப்ரஸ். தேர்தல் நாடகம் நடத்தி மரியாதையோடு நிலைத்துவிடலாம் என்ற அவர்களுடைய கனவைக் கலைத்ததுதான் பாலிடெக்னிக். ஜனநாயகம் திரும்பிய பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு 1974 நவம்பர் 17ஆம் தேதியையே குறித்தார்கள்.

1975இல் பாலிடெக்னிக் வழக்கு தனியாக நடந்தது. இயோனிடிஸுக்கு ஆயுள் தண்டனை, பாபடோபுலோஸுக்கு 25 ஆண்டுகள். மிகாலிஸ் மிரோயானிஸ் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்ற ராணுவ அதிகாரி டெர்டிலிஸுக்கும் ஆயுள் தண்டனை. அவர் கருணை கேட்கவே இல்லை. 2013இல் கைதியாகவே இறந்தார். பல்கலைக்கழக வளாகத்துக்குள் போலீஸ் தன்னிஷ்டத்துக்கு நுழையக் கூடாது என்று 1982இல் சட்டமே போட்டார்கள். அது பிறகு நீக்கப்பட்டு, திரும்ப வந்து, 2019இல் மறுபடியும் நீக்கப்பட்டது. அந்த வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

இறந்தவர் எண்ணிக்கையைப் பற்றியும் சண்டை ஓயவில்லை. ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கானோர் என்று பேச்சு பரவியது. தணிக்கை இருக்கும் நாட்டில் வதந்தி பெருகுவது இயல்பு. அந்த மிகையையே பிடித்துக்கொண்டு, சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் ‘பாலிடெக்னிக்கில் யாருமே சாகவில்லை’ என்று இன்றுவரை சொல்கிறார்கள். கதவுக்கு உள்ளே, கதவுக்கு வெளியே என்று கோடு கிழித்து அவர்கள் செய்யும் வாதம் அது. ஏதென்ஸில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தின் வரலாற்றாளர் லியோனிடாஸ் கல்லிவ்ரெடாகிஸ் ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பெயர் உறுதியான 24 பேரின் பட்டியலைத் தந்தார். வளாகத்தைச் சுற்றிய தெருக்களிலும் நகரின் பிற பகுதிகளிலும் அந்த நாட்களில் கொல்லப்பட்டவர்கள் அவர்கள். மாணவர்கள், தொழிலாளர்கள், வழிப்போக்கர்கள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனும் அதில் இருக்கிறான்.

அந்த வானொலியை நடத்திய மாணவர்கள் உண்மையைச் சொல்வதற்காகத்தான் ஒலிபரப்பியைக் கட்டினார்கள். ஆகவே இந்தக் கதையை நீங்கள் யாருக்காவது சொல்லும்போது 24 பேர் என்றே சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

(தொடரும்)