அளக்கும் வேளை

சென்னையின் வடபகுதியில் கடலோரத்தில் அமைந்த திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழில் வேரூன்றிய சரித்திரத்தைச் சொல்ல வருபவர்கள், ஆலை எப்பொழுது எழுந்தது, வண்டிகள் எந்தப் படைக்குச் சென்றன என்பவற்றைச் சொல்லி அதோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அந்தத் தொழிலுக்கு ஆலை மதிலுக்கு வெளியே, வீட்டு வாசல்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தேறிய இன்னொரு சரித்திரம் உண்டு. தம் வண்டியைத் தாமே பிரித்துப் பூட்டிப் பராமரித்த சாதாரண கிரகஸ்தர்களின் சிரத்தையும், அந்தச் சிரத்தையோடு கூடவே பிறந்த பிழைகளும், அப்பிழைகளால் தெருவார் முன்னிலையில் நேர்ந்த சங்கோஜமும் அந்தச் சரித்திரத்தின் பிரதான அத்தியாயங்கள் ஆகும்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் 1901-ஆம் ஆண்டிலிருந்து மோட்டார் சைக்கிள் செய்துவந்த ராயல் என்ஃபீல்டு ஸ்தாபனம், 1932-இல் ‘புல்லட்’ என்ற பெயரை முதன்முதலாகத் தன் வண்டிக்குச் சூட்டியது. எல்லைக் காவலுக்கு உறுதியான வாகனம் வேண்டுமென்று இந்தியப் படை இதே வண்டியைத் தேர்ந்துகொண்டதன் பயனாக, 1955-இல் மதராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சாரும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனியை நிறுவினார்கள். ஆரம்பத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்துக் கொடுத்த திருவொற்றியூர் ஆலை, காலக்கிரமத்தில் எல்லா பாகங்களையும் தானே செய்யக் கற்றுக்கொண்டது. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பின்னரும் இங்கே உற்பத்தி தடைப்படவில்லை. 1977 முதல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின.

70 மில்லிமீட்டர் குறுக்களவும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டர் யந்திரம், பல பத்தாண்டுகள் ஏறக்குறைய மாறுதலின்றி நீடித்தமையால், தந்தை அறிந்த யந்திரத்தையே மகனும் அறிந்தான். பற்றவைப்புக்கான பாயிண்ட்டின் இடைவெளியும், வால்வுகளை இயக்கும் டேப்பெட்டும் அடிக்கடி கைபட வேண்டியவை. கைபடுவதற்கு இசைவாகவே அவை அமைந்தும் இருந்தன. இரண்டு மூன்று ஸ்பேனர், இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ், ஒரு பழந்துணி, இவை இருந்தால் போதும், மெக்கானிக் ஷெட்டின் வாசலை மிதிக்காமலே ஒருவர் தம் வண்டியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அதனால் வளர்ந்தது.

அந்த நம்பிக்கைக்கு முதற் சோதனை பெரும்பாலும் எண்ணெயினால் வந்தது. புல்லட்டின் எண்ணெய், யந்திரக் கூட்டுக்குள்ளேயே பின்புறமாக உள்ள ஒரு தனி அறையில் தங்கியிருக்கும். வண்டி பல நாள் ஓடாமல் நின்றால், அந்த எண்ணெய் கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்து கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடுவது அதன் சுபாவம். வெளியூர்ப் பிரயாணம் முடிந்து திரும்பிய சொந்தக்காரர், அளவுக்குச்சியை உருவித் துடைத்து மறுபடி செருகிப் பார்க்கிறார். அதன் நுனியில் எண்ணெய் தொட்டும் தொடாமலும் இருக்கக் கண்டு, யந்திரத்தின் மேலுள்ள அக்கறையினாலேயே அரை லிட்டர் ஊற்றி நிரப்புகிறார். கிக்கரை மிதித்து வண்டி கிளம்பியதும், உள்ளே இறங்கியிருந்த எண்ணெயைப் பம்பு இழுத்து அறைக்கே திருப்பி அனுப்ப, இடங்கொள்ளாத மிகுதி காற்றுப்போக்கியின் வழியாகப் பீறிட்டு வாசலை நனைக்க, சைலென்ஸரிலிருந்து எழும் நீலப்புகை எதிர்வீட்டாரையும் வெளியே அழைத்துவிடுகிறது.

இரண்டாவது பிழை இதைக் காட்டிலும் நுட்பமானது. நான்கு ஓட்ட யந்திரத்தில் ஒரு வேலைச் சுற்று முடிவதற்குள் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை இரு வால்வுகளும் மூடியிருக்கும், மறுமுறை இரண்டுமே சற்றே திறந்திருக்கும். முதல் உச்சியில்தான் டேப்பெட் பார்க்க வேண்டும். சிலிண்டரின் பக்கவாட்டிலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் தெரியும் புஷ்ராடு என்னும் கம்பிகள், மேலும் கீழும் ஆட்டமில்லாமல், ஆனால் இரு விரலால் உருட்டினால் சுழலும்படி அமைய வேண்டும். அதுவும் யந்திரம் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது. தவறான உச்சியில் நிறுத்திய ஒருவர், கம்பிகள் இறுகிக் கிடக்கக் கண்டு, அவை சுழலும் மட்டும் தளர்த்திவிடுவார். அதன் பிறகு அந்த வண்டி தெருவில் போகும்போது எழும் ‘டக்டக்’ ஓசை, அவர் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார் என்பதை ஊருக்கெல்லாம் அறிவிக்கும். மேட்டில் ஏறும்போது வலுவின்மை அவருக்கே அதை உணர்த்தும்.

இவ்விரு பிழைகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். குச்சி பொய் சொல்லவில்லை, விரலும் ஏமாற்றவில்லை, அளந்தவர் அளவையில் தவறவில்லை, அளந்த வேளையில் தவறினார். ஆகவே அக்காலத்துப் பராமரிப்புக் கலையின் சாரமெல்லாம் வேளையறிதலாகவே இருந்தது. யந்திரத்தைச் சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திய பின்னரே எண்ணெய் பார். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்து, கிக்கரைக் கையால் மெள்ள அழுத்து. காற்று விரலைத் தள்ளினால் அதுவே சரியான உச்சிக்கு முந்திய ஏற்றம். இத்தகைய போதனைகளை, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளிலும், புதுப்பேட்டையின் பழைய சாமான் குவியல்களுக்கு நடுவிலும், ஒருவருக்கொருவர் முன்பின் அறியாதவர்கள் வாய்மொழியாகவே வழங்கினார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர், அதே பிழையைச் செய்து அதே சங்கோஜத்தை அடைந்தவர்களாதலால், கேட்க வந்தவரை இகழாமல் பொறுமையோடு விளக்கினார்கள். கல்லூரியில் கிட்டாத யந்திர ஞானத்தைச் சாமானியருக்கு அளித்த பள்ளிக்கூடம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

பின்னாளில் பாயிண்ட்டுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பும், கையால் திருத்தும் டேப்பெட்டுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் டேப்பெட்டும் வந்தன. புகை பற்றிய சட்டங்கள் கடுமையாக, பழைய வார்ப்பிரும்பு யந்திரமும் 2010-ஐ ஒட்டி விடைபெற்றது. புதிய வண்டியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. எனினும் பழைய புல்லட்டுகள் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க, அவற்றின் வேளையறிந்தவர்கள் முதுமை எய்திவருகிறார்கள். ஆலையின் சரித்திரத்துக்கு ஆவணங்கள் உண்டு. வாசலில் பயின்ற இந்த வித்தைக்கோ, அறிந்தவர் எழுதி வைத்தால் ஒழிய வேறு சாட்சி இல்லை. தாம் செய்த பிழையை, அது நேர்ந்த காரணத்தோடும் கண்ட பரிகாரத்தோடும் அவர்கள் கூச்சமின்றி எழுதி வைப்பார்களானால், அது பின்வருவோருக்குச் செய்யும் பேருபகாரமாகும்.