கடல் உயிர்காப்புப் பயிற்சி

கடல் உயிர்காப்புப் பயிற்சி என்பது, கலம் கவிழும்போதோ மூழ்கும்போதோ மீட்பு வரும்வரை உயிர்காத்துக்கொள்ள மாலுமிகளுக்கு அளிக்கப்படும் பயிற்சி ஆகும். 1978 ஆம் ஆண்டில் ஏற்பட்டு, பின்னர் திருத்தப்பட்ட எஸ்.டி.சி.டபிள்யூ பன்னாட்டு உடன்படிக்கையின்படி வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு இது கட்டாயமாகும். இதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பயிற்சி முறை

உயிர்காப்புச் சட்டையுடன் நீரில் குதித்தல், கவிழ்ந்த உயிர்காப்பு மிதவையை நிமிர்த்தி ஏறுதல், உடல்வெப்பம் குறையாதிருக்க முழங்கால்களை மார்போடு அணைத்து மிதத்தல், 406 மெகாஹெர்ட்சு அபாய அறிவிப்புக் கருவியை இயக்குதல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. மூழ்குவது உறுதியாகும்வரை கலத்தைவிட்டு நீங்கலாகாது என்பது அடிப்படை விதியாகும்.

எடுத்துக்காட்டு

2018 கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில் தனியே சென்ற இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடிபட்டதால் அவரால் நடக்க இயலவில்லை. அபாயச் செய்தி அனுப்பிவிட்டுப் படகிலேயே தங்கிய அவரை, செப்டம்பர் 24 அன்று ஒசிரிசு என்ற பிரெஞ்சுக் கலம் மீட்டது.