யூ மரப்பட்டை மருந்தான கதை



"இந்த மூலிகைச் சாறு புற்றுநோய் செல்களை அழிக்கிறது" என்று அடிக்கடி செய்தி வருகிறது. உடனே மருந்து கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாலும் கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்கள் செத்துத்தான் போகும்! அப்படியானால் மருந்து என்பது எது? டாக்ஸாலின் வரலாறு இதற்கு நல்ல பதில்.

1960ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தாவரங்களைச் சேகரித்துச் சோதிக்கத் தொடங்கியது. 1962 ஆகஸ்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மரம் வெட்டுபவர்கள் உதவாது என்று எரித்துவிடும் மரம் அது.

1964ல் அந்தப் பட்டையின் சாறு, ஆய்வகத்தில் கேபி எனப்படும் செல்களைக் கொன்றது. வாய்ப்புற்றிலிருந்து எடுத்தவை என்று நம்பப்பட்ட அந்த செல்கள், 1951ல் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் ஹீலா செல்கள் கலந்தவை என்பது பிறகுதான் தெரிந்தது.

வட கரோலினாவில் மன்ரோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் சாற்றிலிருந்து வேலை செய்யும் பொருளைப் பிரித்தார்கள். 12 கிலோ பட்டைக்குக் கிடைத்தது அரை கிராம்! அதன் மூலக்கூறு அமைப்பு 1971ல் வெளியானது. ஆனால் சரக்கு குறைவு, தண்ணீரிலும் கரையாது. எனவே ஆர்வம் குறைந்தது.

1979ல் சூசன் ஹார்விட்ஸ் திருப்பத்தைக் கொண்டுவந்தார். செல் இரண்டாகப் பிரிய அதனுள் நுண்குழல்கள் உருவாகிக் கலைய வேண்டும். நம் வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து வந்த மருந்துகள் அவற்றை உருவாக விடாது. டாக்ஸாலோ உருவானதைக் கலைய விடாது!

1984ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. கரைப்பதற்காக ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானைச் சேர்த்ததால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. மருந்தை மெதுவாக ஏற்றியும், முன்கூட்டியே ஒவ்வாமைத் தடுப்பு கொடுத்தும் சமாளித்தார்கள். 1992ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடுமே? பிறகு ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிடைக்கும் பொருளிலிருந்து தயாரித்தார்கள்.

1980களின் தொடக்கம் வரை அந்தத் திட்டத்தில் சுமார் 35,000 தாவர வகைகள் சோதிக்கப்பட்டன. மருந்தாக மாறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. டாக்ஸாலுக்கே 1964லிருந்து 28 வருடம் ஆனது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: செத்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? அது தெரியாமல், சிகிச்சையில் இருப்பவரிடம் போய் "மருந்தை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றைக் குடியுங்கள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.