ஷெட்டில் தூங்கிய பச்சைக் குதிரை

ஒரு சின்னக் கற்பனை. உங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. மனைவி அதில்தான் தினமும் ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போய் வருகிறார். திடீரென்று ஒருநாள் தபாலில் ஒரு கடிதம். 'அந்தக் காரை நான் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன். ரொம்ப விலை சொல்லாமல் இருந்தால் நல்லது. பதிலுக்கு வேறு ஒரு காரை உங்களுக்குத் தேடித் தருகிறேன்' என்கிற தோரணையில் விஷயம். கீழே கையெழுத்து... ஹாலிவுட் சூப்பர் ஸ்டார் ஸ்டீவ் மெக்வீன்!

என்ன செய்வீர்கள்? கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டுவீர்கள். அடுத்த ஃபோனிலேயே 'எடுத்துக்கோங்க சார்' என்று சொன்னாலும் சொல்வீர்கள்.

1977 டிசம்பரில் இப்படி ஒரு கடிதம் அமெரிக்காவில் ராபர்ட் கீர்னன் என்பவருக்கு நிஜமாகவே வந்தது. அவர் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். பதிலே போடவில்லை!

அப்படி என்ன பெரிய கார் அது? அதைச் சொல்லவேண்டுமானால் 1960களின் அமெரிக்காவுக்குப் போகவேண்டும்.

உலகப்போருக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் எல்லாம் வளர்ந்து, லைசென்ஸ் எடுக்கிற வயசுக்கு வந்திருந்த நேரம். பெட்ரோல் தண்ணீர் பட்ட பாடு. அப்பா ஓட்டுகிற படகு மாதிரி பெரிய கார் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. 'சின்னதா இருக்கணும், சீறிப் பாயணும், விலையும் கட்டுப்படியாகணும்' என்றார்கள். 1964-ல் பான்டியாக் கம்பெனி ஒரு காரியம் செய்தது. நடுத்தர சைஸ் கார் ஒன்றில், பெரிய காருக்குப் போடுகிற ராட்சஸ வி-8 இன்ஜினைத் தூக்கி வைத்தது. அதுதான் ஜி.டி.ஓ. 'மஸில் கார்' என்கிற ஜாதியே அதிலிருந்துதான் ஆரம்பித்தது என்பார்கள். சாதாரண உடம்பு, பயில்வான் புஜம். அவ்வளவுதான் சூத்திரம்.

அதே 1964, ஏப்ரல் 17. நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு கம்பெனி தன்னுடைய மஸ்டாங்கை அவிழ்த்துவிட்டது. மஸ்டாங் என்றால் அமெரிக்கப் புல்வெளியில் கட்டுக்கடங்காமல் திரியும் காட்டுக் குதிரை. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே சுமார் 22,000 ஆர்டர்! இரண்டு வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம் கார்கள். சுத்தமாகக் கணக்குப் பார்த்தால் மஸ்டாங்கை 'போனி கார்' என்றுதான் சொல்லவேண்டும், அதாவது குட்டிக் குதிரை. ஆனால், அதிலேயே 390 கியூபிக் இன்ச் இன்ஜின் போட்ட 'ஜி.டி.' மாடல் வந்தபோது குட்டிக் குதிரைக்கும் புஜம் முறுக்கேறிவிட்டது. 390 கியூபிக் இன்ச் என்றால் கிட்டத்தட்ட 6.4 லிட்டர். நம்முடைய பழைய அம்பாசடர் இன்ஜின் 1.5 லிட்டர்தான். நாலு அம்பாசடரை ஒரே பானெட்டுக்குள் பூட்டியதுபோல நினைத்துக்கொள்ளுங்கள்!

இப்போது மெக்வீனுக்கு வருவோம்.

1968-ல் 'புல்லிட்' என்று ஒரு படம். இயக்குநர் பீட்டர் யேட்ஸ். சான்ஃபிரான்சிஸ்கோ நகர போலீஸ் அதிகாரியாக மெக்வீன். கதையை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஆனால், நடுவில் சுமார் பத்தரை நிமிஷத்துக்கு மேல் வருகிற அந்த கார் துரத்தல்... அதை யாரும் மறக்கவில்லை. செங்குத்தான தெருக்களில் பச்சை மஸ்டாங்கும் கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் தவ்வித் தவ்விப் பறக்கும். வேகம் மணிக்கு 110 மைலைத் தாண்டியது. கிராஃபிக்ஸ் எல்லாம் கிடையாத காலம். எல்லாமே நிஜ கார், நிஜத் தெரு, நிஜ ஆபத்து. கூர்ந்து பார்த்தால் வேடிக்கையும் உண்டு. ஒரே பச்சை வோக்ஸ்வேகன் கார் திரும்பத் திரும்பக் குறுக்கே வரும். சார்ஜரிலிருந்து கழன்று ஓடும் சக்கர மூடிகளை எண்ணினால் நாலுக்கு மேலே போகும்! அதையெல்லாம் மீறி, அந்தக் காட்சியைத் தைத்துக்கொடுத்த எடிட்டர் ஃபிராங்க் கெல்லர் ஆஸ்கர் வாங்கினார்.

படத்துக்காக ஒரே மாதிரி இரண்டு மஸ்டாங்குகள். வரிசை எண்கள்கூட அடுத்தடுத்து: 125558, 125559. முதலாவது, குதிக்கவும் மோதவும். இரண்டாவது, ஹீரோ ஓட்டுகிற கார். ஷூட்டிங் முடிந்தது. உதைபட்ட முதல் கார் காயலான் கடைக்குப் போனதாக நினைத்தார்கள். ஹீரோ கார் ஸ்டூடியோ ஊழியர் ஒருவரிடம் விற்கப்பட்டது. அவரிடமிருந்து ஒரு போலீஸ் டிடெக்டிவிடம் போனது. 1974-ல் அந்த டிடெக்டிவ் ஒரு கார் பத்திரிகையில் விற்பனை விளம்பரம் கொடுக்க, நியூஜெர்ஸியைச் சேர்ந்த ராபர்ட் கீர்னன் சில ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிவிட்டார்.

வாங்கி மியூசியத்திலா வைத்தார்? வீட்டுக் காராக வைத்துக்கொண்டார்! டீச்சரான மனைவி அதில்தான் ஸ்கூலுக்குப் போனார். அப்போதுதான் முதலில் சொன்ன கடிதம் வந்தது. ராபர்ட்டுக்கு விற்க மனசில்லை. தர மாட்டேன் என்று ஒரு வரி எழுதக்கூட அவர் மெனக்கெடவில்லை.

1980-ல் கிளட்ச் போய்விட்டது. மீட்டரில் சுமார் 65,000 மைல். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓரமாக நிறுத்தினார்கள். அதே வருஷம் நவம்பரில், தன் பழைய காரைத் திரும்பப் பார்க்காமலேயே மெக்வீன் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 50.

'அப்புறம் பார்த்துக்கலாம்'. இந்த ஒரு வாக்கியத்தால் உலகத்தில் எத்தனை பொருள்கள் துருப்பிடித்திருக்கின்றன தெரியுமா? கார் என்பது ஓடினால்தான் ஆரோக்கியமாக இருக்கும். நிறுத்தி வைத்தால் பெட்ரோல் பிசினாக இறுகி கார்புரேட்டரை அடைக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் குழாயில் உள்ளுக்குள்ளேயே துரு ஏறும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். இது போதாதென்று எலி வந்து வயரைக் கடித்துவிட்டு, சீட்டுக்குள் குடும்பம் நடத்தும்.

கீர்னன் குடும்பம் ஊர் மாறும்போதெல்லாம் ஓடாத அந்தக் காரும் கூடவே போனது. கடைசியில் டென்னஸி மாநிலம். வெளியே உலகம் முழுக்க மெக்வீன் ரசிகர்கள் 'அந்த கார் எங்கே?' என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் யாரும் மூச்சு விடவில்லை. மகன் ஷான் கீர்னனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது ஓடி அவர் பார்த்ததில்லை.

2001-ல் ஃபோர்டு கம்பெனி 'புல்லிட்' பெயரிலேயே ஒரு ஸ்பெஷல் மஸ்டாங் விட்டது. பழைய ஆசை மறுபடி கிளம்பியது. 'நம்ம காரை நாமே ரெடி பண்ணுவோம்டா' என்று அப்பாவும் பிள்ளையும் இறங்கினார்கள். பாகங்களைக் கழற்றினார்கள். கழற்றுவது எப்போதுமே சுலபம். மாட்டும்போதுதானே கஷ்டம்? அதற்குள் ராபர்ட்டுக்கு பார்க்கின்சன்ஸ் நோய். ஸ்பேனர் பிடிக்கவேண்டிய கை நடுங்க ஆரம்பித்தது. வேலை அப்படியே நின்றது.

2014-ல் ராபர்ட் காலமானார். மகன் கைக்கு வந்தது, பாதி பிரித்துப் போட்ட ஒரு கார்.

இங்கேதான் ஒரு பெரிய கேள்வி. சாதாரணமாக இந்த மாதிரி காரை மீட்டெடுப்பவர்கள் என்ன செய்வார்கள்? துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, பளபளவென்று புது பெயின்ட் அடிப்பார்கள். சீட்டுக்குப் புது உறை, பம்பருக்குப் புது குரோம். ஷோரூமிலிருந்து நேற்று வந்த மாதிரி நிற்கும். இந்தக் காரையும் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? மங்கிப்போன அந்தப் பச்சை பெயின்ட்டில்தான் 1968 இருக்கிறது. கேமரா பொருத்துவதற்காக அடியில் வெல்டிங் வைத்த இரும்புகள் அப்படியே இருக்கின்றன. கிழிந்த சீட்டில்தான் மெக்வீனும் உட்கார்ந்தார், ஷானின் அம்மாவும் உட்கார்ந்தார். புதுசாக்கினால் அத்தனையும் போய்விடும். ஒரு கார் புதிதாக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆகலாம். பழையதாக ஒரே ஒரு தடவைதான் இருக்க முடியும்!

ஷான் எடுத்த முடிவு அழகானது. ஓட வைப்பேன், ஆனால் அழகுபடுத்த மாட்டேன். கழற்றி வைத்திருந்த பாகங்களைத் தேடியெடுத்துப் பூட்டினார். இன்ஜின் உயிர்பெற்றது. உடம்பில் இருந்த தழும்புகள் எதையும் தொடவில்லை. அப்பா ஆரம்பித்துவைத்த வேலை அது. முடித்துவைக்கவேண்டியது பிள்ளை அல்லவா?

அடுத்த பிரச்னை, 'இதுதான் அது' என்று நிரூபிப்பது. பச்சை பெயின்ட் அடித்த மஸ்டாங்குகள் ஊர்பட்டது இருக்கின்றனவே! இங்கே கைகொடுத்தது காரின் தலையெழுத்து. 8R02S125559 என்கிற அடையாள எண். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு ஜாதகம். 8 என்றால் 1968 மாடல். R என்றால் கலிஃபோர்னியாவில் சான் ஹொஸே தொழிற்சாலையில் பிறந்தது. 02 என்றால் ஃபாஸ்ட்பேக், அதாவது முதுகு சரிந்த உடம்பு. S என்றால் 390 இன்ஜின். மிச்சம் வரிசை எண். ஃபோர்டின் பழைய தயாரிப்புப் பதிவேடுகளைக் கரைத்துக் குடித்த கெவின் மார்ட்டி என்கிற நிபுணர் சரிபார்த்து, 'இதேதான்' என்றார். கூடவே மெக்வீன் கையெழுத்திட்ட அந்தக் கடிதம் வேறு. அன்றைக்குப் பதில் போடாவிட்டாலும் பத்திரமாக வைத்திருந்தார்களே, அதுதான் சமர்த்து.

இதற்குள் ஆச்சரியத்தில் இன்னொரு ஆச்சரியம். காயலான் கடையோடு போனதாக நினைத்த முதல் கார், 125558, மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா பகுதியில் கிடைத்தது! வாங்கியவர்கள் அதை வேறொரு சினிமா காரின் நகலாக மாற்றுகிற யோசனையில் இருந்தார்கள். எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் கையில் இருப்பது என்ன என்றே தெரிந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அசலை அழித்து நகலாக்கியிருப்பார்கள்.

2018 ஜனவரி. டெட்ராய்ட் கார் கண்காட்சி. ஃபோர்டு தன் புதிய புல்லிட் மஸ்டாங்கை அறிமுகம் செய்த மேடையில், முகம் மங்கிய அந்தப் பழைய காரும் வந்து நின்றது. 38 வருஷ மர்மம் உடைந்தது. அந்த ஏப்ரலில் வாஷிங்டன் நகரின் நேஷனல் மால் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிலும் இடம் கிடைத்தது. தலைவர்களின் நினைவுச் சின்னங்களுக்கு நடுவே, டீச்சரம்மா ஸ்கூலுக்கு ஓட்டிப்போன ஒரு கார்!

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால், புகழ் வந்தால் பாரமும் கூடவே வரும். யாருக்கும் தெரியாதவரை அது ஷெட்டில் கிடந்த அப்பாவின் கார். எல்லோருக்கும் தெரிந்த பிறகு? காவல், பாதுகாப்பு, கூட்டம்... காய்கறி வாங்க அதில் இனி போக முடியுமா? 2020 ஜனவரி 10. ஃபுளோரிடாவில் கிஸிமி என்கிற ஊரில் ஏலம். கீர்னன் குடும்பம் காரை விற்றுவிட்டது. ஏலம் 34 லட்சம் டாலரில் முடிந்தது. கமிஷனோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம். அன்றைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய்! அதுவரை எந்த மஸ்டாங்கும் அந்த விலைக்குப் போனதில்லை.

'அப்பா சூப்பர் ஸ்டாருக்கே கொடுக்காத காரைப் பிள்ளை விற்றுவிட்டானே' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் வேறு மாதிரி படுகிறது. அப்பா மகனுக்குக் கொடுத்தது பாதி பிரித்த ஒரு கார் மட்டுமா? பாதியில் நின்ற ஒரு வேலையையும்தானே! காரை விற்றுவிடலாம். வேலையை விற்க முடியாது, முடிக்கத்தான் முடியும். ஷான் அதை முடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். தாத்தாவின் ரேடியோ, அப்பாவின் ஸ்கூட்டர், பரணில் கிடக்கிற ஹார்மோனியம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாரோ என்றைக்கோ நிறுத்திவைத்தது. கோடி ரூபாய்க்கெல்லாம் போகாது, நிச்சயம். இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் தூசி தட்டிப் பாருங்கள். பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்!