நடுவில் ஒரு சுவர்!

எறையூர் என்ற பெயர் ஞாபகம் இருக்கிறதா? உளுந்தூர்பேட்டை பக்கத்து ஊர். அப்போது விழுப்புரம் மாவட்டம். 2019-ல் மாவட்டத்தைப் பிரித்ததும் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டது. அங்கே உள்ள ஜெபமாலை மாதா கோவிலை ஒட்டி எழுந்த தகராறு, 2008 மார்ச் 9-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போனது. இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

அந்தத் தகராறின் வேர்களில் ஒன்று, கோவிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்பது. இதற்கெல்லாமா துப்பாக்கி வெடிக்கும் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். கொஞ்சம் என்றால், இருநூற்று அறுபத்து மூன்று வருஷம்!

1745. புதுச்சேரியில் டூப்ளே கவர்னராக இருந்த காலம். சேசு சபைச் சாமியார்களுடைய சம்பாக் கோவில் ஊரில் பிரசித்தம். (சம்பா நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'சாம் பவுலோ', அதாவது புனித பவுல், நம் நாக்கில் புரண்டு சம்பாவாகிவிட்டார்!) கோவிலுக்குள் வடபக்கமாக ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். இந்தப் பக்கம் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள், வெள்ளைக்காரர்கள்.

அதற்கு முந்தின வருஷம்தான் போப் பதினான்காம் பெனடிக்ட் ரோமிலிருந்து ஓர் ஆணை போட்டிருந்தார். எந்தக் குலத்தில் பிறந்தவராக இருந்தாலும் ஒரே கோவிலில், ஒரே நேரத்தில் பூசை காணவேண்டும் என்று. நல்ல ஆணைதான். ஆனால், கோவிலுக்குள்ளேயே சுவர் இருந்தால்? ஒரே கோவில், ஒரே நேரம் இரண்டும் சரியாகத்தானே இருக்கிறது! சட்டத்தில் சந்து கண்டுபிடிக்க நம்மவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

அக்டோபர் மாதம் தலித் கிறிஸ்தவர்கள் பெரிய சாமியாரிடம் போய் நேராகவே கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால், எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர்? அவரால் பதில் சொல்ல முடியவில்லை. சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். மறுபக்கம் கோபம் கொதித்தது. இனி இந்தக் கோவிலுக்கு வருவதில்லை என்கிற அளவுக்குப் பேச்சு போனது.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார் தெரியுமா? ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கிறிஸ்தவரே இல்லை. ஆனால், அப்போது துபாஷாக இருந்த கனகராய முதலியார் புதுச்சேரிக் கிறிஸ்தவர்களின் பெரிய தலைக்கட்டு. பிள்ளைவாளுக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண். அந்தப் பக்கத்துச் சண்டையைக் கொஞ்சம் ருசித்தே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது!

அந்தக் கோவில் இன்றில்லை. 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த இங்கிலீஷ்காரர்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது பிறகு கட்டி, 1791-ல் முடித்தது.

சுவர் என்றால் இடித்துவிடலாம். கட்டடமே சாதி பார்த்தால்? அதற்கு நீங்கள் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் போகவேண்டும். மார்த்தாண்ட வர்மாவின் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றது இந்த ஊரில்தான். அதுவும் 1745-ல்! 2022-ல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் 1872-ல் எழுந்தது திருக்குடும்பக் கோவில். அதன் பிளானைப் பாருங்கள். சாதாரணமாக மாதா கோவில் என்றால் ஒரு நீளமான மண்டபம், கடைசியில் பீடம். இங்கே மண்டபம் இரண்டு! கால்சட்டையின் இரண்டு கால்கள் இடுப்பில் சேருகிற மாதிரி, சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேர்கின்றன. ஒன்றில் வேளாளர், இன்னொன்றில் நாடார். பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் சாமியார் தெரிவார். இவர்களுக்கு அவர்களும், அவர்களுக்கு இவர்களும் தெரிய மாட்டார்கள். பிளான் போட்டவரின் மூளையை மெச்சுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

1910-ல் அங்கிருந்த தடுப்பை எடுத்தார்கள். விடுவார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை ஹைகோர்ட் வரை ஏறியது. பிரிவினை கேட்டவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை.

சரி, எறையூருக்கு வருவோம். அங்கே பெரும்பான்மை வன்னியக் கிறிஸ்தவர்கள். தலித் கிறிஸ்தவர்களுக்குக் கோவிலுக்குள் தனி இடம். செத்தால் தனிக் கல்லறை. இதற்குச் செங்கல்லும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். எது யாருடைய இடம் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இடிக்க வேண்டுமென்றால் எதை இடிப்பது?

அதனால் 2008-ல் தலித்துகள் கேட்டது வேறு. எங்களுடைய சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக அறிவித்துவிடுங்கள், எங்களுக்கென்று ஒரு சாமியாரை அனுப்புங்கள் என்றார்கள். 1745-ல் உள்ளே சேர்ந்து உட்காரக் கேட்டவர்களின் வழியில் வந்தவர்கள், இப்போது ஆளை விட்டால் போதும் என்று வெளியே போகக் கேட்டார்கள். அதற்கும் எதிர்ப்பு. வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இறந்த இருவரும் வன்னியர்கள்.

எட்டு வருஷம் கழித்து, 2016 டிசம்பரில், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட ஓர் ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. எறையூர் எந்த மறைமாவட்டத்தில் இருக்கிறது தெரியுமா? புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டம். அதன் தலைமைக் கோவில், அதே சம்பாக் கோவில்!